அக்கரையில் நமக்காக ஜெபிக்கிறவர்கள்



தரமணியிலிருந்து 2024 மே மாதம் நாங்கள் ஒன்பது பேர் இலங்கைக்கு ஊழியப் பயணம் போய் வந்தோம். எங்கள் பாஸ்டர், பாஸ்டரம்மா, இன்னொரு குடும்பத்தார் மூன்று பேர், நான், என் மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள். "அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுங்க பிரதர்" என்று பாஸ்டர் கேட்டபோது, எத்தனை இடம் போனோம், எவ்வளவு தூரம் போனோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆவியானவர் விடவில்லை. வருஷக்கணக்காய் நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றை கர்த்தர் அங்கே வெளியே கொண்டுவந்தார். அதையே சாட்சியாய் எழுதுகிறேன்.

முதலாவது, ரோமர் முதலாம் அதிகாரம் 11, 12 வசனங்களைத் திறந்து பாருங்கள். பவுல் ரோமாபுரி சபையைப் பார்க்க ஏங்குகிறார். எதற்கு? அவர்களுக்கு ஒரு ஆவிக்குரிய வரத்தைக் கொடுத்து அவர்களைப் பலப்படுத்த. ஆனால் அடுத்த வசனத்திலேயே அப்போஸ்தலன் தன்னைத் திருத்திக்கொள்கிறார். உங்கள் விசுவாசத்தால் எனக்கும், என் விசுவாசத்தால் உங்களுக்கும், இரண்டு பக்கமும் ஆறுதல் உண்டாகட்டும் என்கிறார். எத்தனை பெரிய தாழ்மை! கொடுக்கப் போகிறவன் வாங்கவும் போகிறான். நானோ 11ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டு விமானம் ஏறினேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டு, நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறி ஹட்டனில் இறங்கினோம். அங்கிருந்து வேனில் ஒரு தேயிலைத் தோட்டம். என் பையில் மூன்று பிரசங்கக் குறிப்புகள், நூறு கைப்பிரதிகள். அந்தச் சபையின் ஊழியக்காரர் எங்களை அன்போடு வரவேற்று, சாயத்தண்ணி கொடுத்து, மெதுவாய்ச் சொன்னார்: "ஐயா, நீங்க சுற்றுலா விசாவுல வந்திருக்கீங்க. பிரசங்கம் பண்ணினா உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். நாளைக்கு எங்களோட உக்காந்து ஆராதிங்க. அது போதும்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு செலவு பண்ணி வந்தது சும்மா உட்காரவா? அந்த இரவு குளிரில் தூக்கம் வரவில்லை. முறுமுறுப்போடுதான் படுத்தேன்.

ஞாயிறு காலை. லயத்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஆலயம். லயம் என்றால் ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாய் அடுத்தடுத்த அறைகள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வீடு. வாரமெல்லாம் முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்த கைகள் அன்றைக்கு மேலே உயர்ந்தன. கீபோர்டு இல்லை, மைக் இல்லை. ஒரு தப்பும் கைத்தட்டலும்தான். ஆனால் தேவ பிரசன்னம் அந்த இடத்தை நிரப்பியது! என் சின்ன மகள், தரமணியில் ஆராதனை நேரத்தில் அம்மாவின் போனைக் கேட்டு அழுகிறவள், கண்ணை மூடித் துதித்துக்கொண்டிருந்தாள்.

ஜெப நேரம் வந்தது. எண்பது வயதிருக்கும் ஒரு அம்மாயி எழுந்து நின்றார். தன் வியாதிக்காக ஜெபிக்கவில்லை. தன் பேரப்பிள்ளைகளுக்காகக்கூட முதலில் ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, கப்பலேறி இந்தியா போன எங்க சனத்தை நெனச்சுக்கோங்கப்பா. எங்க இருக்காங்களோ, என்ன சாப்பிடறாங்களோ, அவங்க புள்ளைங்கள கைவிட்றாதீங்க" என்று மன்றாடினார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் இப்படித்தான் ஜெபிப்பாராம்.

பிரியமானவர்களே, இந்த ஜெபத்தின் பின்னணி இளைய தலைமுறைக்குத் தெரியாது, ஆகையால் சொல்லுகிறேன். 1820களிலிருந்து நம் தமிழ்நாட்டு ஏழை ஜனங்களை வெள்ளைக்காரர் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிப்போனார்கள். ஆரம்ப நாட்களில் மன்னார் கரையில் இறங்கி, காடுவழியே மலைக்கு நடந்தவர்களில் வியாதியிலும் பசியிலும் மாண்டவர்கள் அநேகர். அந்த வழியை நினைவுகூர்ந்துதான் மலையகத்தின் 200ஆம் வருஷமாகிய 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் நடந்தார்கள். இலங்கை சுதந்தரம் அடைந்த 1948லேயே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மனுஷரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அக்காள் அங்கே, தங்கை இங்கே. தகப்பன் அங்கே, மகன் இங்கே. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினவர்களை நம் அரசாங்கம் 'தாயகம் திரும்பியோர்' என்றது. ஊர் ஜனங்களோ 'சிலோன்காரங்க' என்றார்கள்.

அப்படி இறங்கினவர்களில் ஒருத்தி என் தாயார்.

இதை நம் சபையில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. 1972ல் பதினேழு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் என் அம்மா. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை "சிலோன்காரி மகனே" என்று கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த வெட்கம், ரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகம் பெற்று, வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவன் ஆன பிறகும் என்னை விடவில்லை. அம்மா பேசும் பேச்சில் தோட்டத்து வார்த்தை வந்தால் "அம்மா, மெதுவா" என்பேன். இந்தப் பயணம் முடிவானபோது அம்மா கேட்டார்கள்: "தம்பி, என்னையும் கூட்டிட்டுப் போறியா? ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்." நான் சொன்ன பதில், "உங்களுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாதும்மா." அது பொய். கூட வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான். தாயைக் கானகத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, தாய் பிறந்த மலைக்கு நான் மிஷனரியாய்ப் போனேன்!

இப்போது அந்த அம்மாயியின் ஜெபத்தைக் கேட்டு என் முழங்கால்கள் தளர்ந்துபோயின. இந்தியா போனவர்களின் பிள்ளைகளைக் கைவிடாதேயும் என்றால், அது நான் அல்லவா? நான் மூன்று பிரசங்கம் சுமந்துகொண்டு இவர்களைச் சந்திக்க வருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னே, இவர்கள் பேர் தெரியாத என்னை ஜெபத்தில் சுமந்திருக்கிறார்கள். நான் எழுந்து, பிரசங்கியாக அல்ல, ஒரு மகனாக இரண்டே வார்த்தை சொன்னேன்: "எங்கம்மா இந்த மலையில பிறந்தவங்க. கப்பலேறிப் போனவங்க." அதற்கு மேல் பேச முடியவில்லை. அந்த அம்மாயி வந்து என் தலையில் கை வைத்தார். "வந்துட்டியா சாமி" என்றார். எங்கள் பாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஆராதனை முடிந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு போனை அம்மாயி கையில் கொடுத்தேன். இருவரும் முன்பின் அறியாதவர்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், பிரட்டுக்களம் எங்கே இருந்தது, அந்தக் காலத்துக் கங்காணி யார் என்று அரைமணி நேரம் பேசினார்கள். என் மகன் என்னைப் பார்த்து, "அப்பா, ஆச்சி இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றான். அந்த வார்த்தை எனக்கு எந்தப் பிரசங்கத்தையும்விட ஆழமாய்க் குத்தியது.

அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் விலங்கோடு ரோமாபுரிக்குப் போகிறார். அவர் போய்ச் சேரும் முன்னே அங்கே சகோதரர்கள் இருக்கிறார்கள்! அப்பியுபுரம் வரைக்கும் நடந்து வந்து அவரை எதிர்கொள்ளுகிறார்கள். அவர்களைக் கண்டவுடனே பவுல் தேவனைத் துதித்துத் தைரியம் அடைந்தார் (15ஆம் வசனம்). யாருக்குத் தைரியம் வந்தது? போதிக்கப் போனவருக்கு!

பிரியமானவர்களே, நாம் போகிற எந்தத் தேசத்துக்கும் கர்த்தர் நமக்கு முன்னே போயிருக்கிறார். அங்கே அவருக்கு ஜனங்கள் இருக்கிறார்கள். ஊழியப் பயணம் போகிறவர்களே, போதிப்பதற்கு முன் அவர்களோடு பாயில் உட்காருங்கள். அவர்கள் ஜெபத்துக்கு ஆமென் சொல்லுங்கள். இன்னொரு காரியம். நம் தரமணியில் டைடல் பார்க்கைச் சுற்றி எழும்புகிற கட்டடங்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஜனங்கள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். இவர்களுக்காகவும் எங்கோ ஒரு தாய் முழங்காலில் நிற்கிறாள். அந்தத் தாயின் ஜெபத்துக்குப் பதில் நம் சபையாய் இருக்கக்கூடாதா?

நாங்கள் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, என் தாயார் நம் சபையில் முதல்முறையாக எழுந்து சாட்சி சொன்னார்கள். தோட்டத்துப் பேச்சிலேயே சொன்னார்கள். நான் "மெதுவா" என்று சொல்லவில்லை. கர்த்தருக்குச் சித்தமானால் வருகிற மே மாதம் அவர்களை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முழங்காலுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இருதயத்தில் நீங்கள் யாரை மறைத்து வைத்திருக்கிறீர்கள்? பெற்றவர்களையா, பிறந்த ஊரையா? இன்றைக்கே அதைக் கர்த்தரிடத்தில் அறிக்கை பண்ணுங்கள். அவர் உங்களை வெட்கப்படுத்த மாட்டார். உடைந்தவர்களைச் சேர்த்துக் கட்டுகிற தேவன் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!