பகைவரை மதித்தல்



பகைவனை மதித்தலாற் பயன் உண்டோ என்னும் வினாவுக்கு அரசியல் நூலார் எளிதில் விடை கூறுவர். மாற்றான் வலியறிந்து ஒழுகுதல் வேந்தர்க்கு இன்றியமையாதது. ஆயின் அஃது எச்சரிக்கையேயன்றி மதிப்பாகாது. சித்தாந்தம் பயில்வார் ஆராயத்தக்கது வேறொன்று. நமக்குத் தீங்கிழைத்தான் என்று தெளிந்த பின்னரும் அவன்பால் நாம் செலுத்தக்கடவதொரு மதிப்பு உண்டோ? உண்டாயின், அஃது எதுபற்றி?

ஈண்டு முதற்கண் நினைவுக்கு வருவது திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் சரிதம். போரிற் பலகாலும் தோற்ற முத்தநாதன் திருநீறு பூசிப் புத்தகக் கட்டினுள் படைக்கலம் மறைத்து வந்தமை யாவரும் அறிவர். அவன் குத்துந்துணையும் நாயனார் வணங்கியது வியப்பன்று. அவனை மெய்யடியார் என்றே கொண்டிருந்தார். வியக்கத்தக்கது அதன் பின்னர் நிகழ்ந்ததே. குருதி சோர வீழுங்கால் பொய் வெளிப்பட்டுவிட்டது. வெளிப்பட்ட பின்னரும், வாளோங்கிய தத்தனைத் தடுத்து, வந்தவர் நம்மைச் சார்ந்தவர் என்னுங் கருத்துப்பட மொழிந்து, இடையூறின்றி அவனை ஊர்ப்புறத்தே விட்டுவரப் பணித்தார். தத்தன் மீண்டுவந்து அறிவிக்குமளவும் உயிரைத் தாங்கியிருந்தார்.

அற்றேல், நாயனார் மதித்தது திருவேடத்தையன்றிப் பகைவனையன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின்வழி நின்ற ஒழுக்கமே அது. நீறணியாப் பகைவனுக்கு அதனால் ஆவது என்னை எனின், இத்தடை வலியுடையதேயாம். இதனைக் காணாதார்போலக் கடந்து செல்லும் சொற்பொழிவுகள் பல. நாம் நின்று விடை காணுதலே முறை.

ஏனாதிநாத நாயனார் சரிதத்தை ஊன்றி நோக்குக. வாட்பயிற்சி தரும் உரிமை பற்றி அதிசூரன் அவரொடு பொருதான். அப்போரில் நாயனார் சிறிதும் தளர்ந்தாரல்லர். அவனைத் தோற்றோடச் செய்தார். பகைவனை மதித்தலாவது பொருதலைக் கைவிடுதல் என்பார்க்கு இதுவே மறுப்பாகும். பின்னர் அவன் நெற்றியில் நீறிட்டுக் கேடகத்தால் மறைத்து வந்து, தனிப்போரில் அணுகியவழிக் காட்டினான். நாயனார் வாளும் கேடகமும் நீக்கிவிடக் கருதினார். கருதியவர் உடனே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நிராயுதரைக் கொன்றார் என்னும் பழி தம்மைக் கொல்லுகின்றவரைச் சாரலாகாது என்று, பொருவார்போலப் படைதாங்கி நேர்நின்றார். நீற்றை வணங்குதற்குப் படையை எறிந்துவிடுதலே போதும். படையை எறியாது நின்றது எதிர்நின்றார்க்கு வரும் பழியை எண்ணியன்றோ? வேடத்தின்பாற் சென்ற வணக்கம், அதனைத் தாங்கிய உயிரின்பாலும் இரக்கமாய்ச் சென்றது.

இதற்கு நம் நூல்கள் கூறும் அடிப்படை தெளிவானது. நம்மை வந்தடையும் துன்பம் நமது பிராரத்தம், ஊட்டுவிப்பவன் இறைவன், பகைவன் அது வரும் வாயில். ஆயினும் வாயிலாய் நின்றமைபற்றி அவன் குற்றமற்றவனாகான். தன் விருப்பு வெறுப்பாற் செய்தானாகலின் அவனுக்கு ஆகாமியம் ஏறுகின்றது. எனவே நமக்கு ஒருவினை கழிகின்ற அப்பொழுதே அவனுக்கு ஒருவினை கூடுகின்றது. இருவரில் இழந்தவன் யாவன்? செம்பிற் களிம்புபோல உயிரைப் பற்றிய ஆணவமே பகையாய் நின்று வெதும்புவது. உயிர் இயல்பாற் பகையன்று. அவ்வுயிரினும் இறைவன் அத்துவிதமாய் நிற்றலை ஒருகால் ஒப்புக்கொண்டோமாயின், சினம் வந்தபோது அதனை மறுத்தல் இயலாது.

இனி, நீறணியாப் பகைவன். மதுரையில் தம் திருமடத்திற் சமணர் இட்ட தீயைப் பாண்டியன்பாற் செலுத்திய திருஞானசம்பந்தர், அது விரைந்து அழியாமல் மெல்லவே சென்று பற்றுமாறு பாடினார். அதற்குச் சேக்கிழார் காட்டும் காரணங்களுள் மங்கையர்க்கரசியாரது மங்கலநாணும் குலச்சிறையாரது அன்பும் உள. அவற்றோடு, அரசன் மீளச் சைவத்தை அடைந்து பிள்ளையார் கையால் நீறு பெறும் பேறுடையன் என்பதும் உளது. அன்று அவன் நெற்றியில் நீறில்லை. வரப்போகும் பக்குவமே மதிக்கப்பட்டது. ஓர் உயிர்க்கு மலபரிபாகம் எக்காலத்து எய்தும் என்பதை அறிவார் யார்? பாடலிபுத்திரத்துச் சமணர்க்குத் தலைவராய்த் தருமசேனர் எனப் பேர்பெற்றவரே பின் நமக்கு அப்பரானார். திலகவதியார் அவரைப் பரசமயத்தார் என்று வெறுத்து ஒதுக்கியிருப்பின் நம் நிலை என்னாம்!

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அனல்வாதம் புனல்வாதங்களுக்குப் பின் சமணர் கழுவேறியதாகப் புராணம் கூறுகின்றது. பிள்ளையார் பகைமையுடையாரல்லர் என்றும், மடத்திற்குத் தீயிட்ட குற்றம்பற்றி அரசன் செயலை விலக்காதிருந்தார் என்றும் சேக்கிழார் எழுதினார். அதனைக் கொண்டாட்டமாக எடுத்துரைப்பாரும் நம்மிடையே உளர். சேக்கிழார் பகையின்மையை முன்வைத்தே அதனைச் சொல்லிச் சென்றமையை அவர்கள் நோக்கவேண்டும். அரசன் தண்டத்தை அடியார் வெறுப்புக்குச் சான்றாக்குதல் நூற்கருத்தன்று என்பதே எமது துணிபு.

வாளும் தீயும் நமக்கு வாய்ப்பன அல்ல. நமக்கு வாய்த்த போர்க்களம் வாதமே. ஆண்டு நம் ஆசிரியர் ஒழுகிய முறையை அருணந்தி சிவாசாரியாரது சிவஞானசித்தியார் பரபக்கத்திற் காண்க. உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினாலு மதத்தாரையும் மறுக்குமுன், அவரவர் கூற்றை அவரவர் வாயாலேயே சொல்லுவிக்கின்றார். உலகாயதன் பேசும் பகுதி எத்துணைச் சுவையுடையது எனின், மறுப்பு வருமுன் ஏட்டை மூடிய மாணவன் அவனாகவே போய்விடுவனோ என்று அஞ்சத்தகும். மாற்றானைப் பேதையாகப் புனைந்து வெல்லுதல் எளிது. அங்ஙனம் வென்றவன் தான் புனைந்த பாவையையே வென்றவனாவான். மடங்களில் இந்நாள் சுபக்கத்தை மட்டும் பாடங்கேட்டு, பரபக்கம் பழங்கதை என்று விடுவார், ஆசிரியர் முதலில் வைத்ததைப் பின்னும் வையாது தள்ளுகின்றனர்.

ஆசீவகரை எண்ணிப் பாருங்கள். அவர்தம் நூல் ஒன்றேனும் இன்று எஞ்சியிருக்கவில்லை. 1951-ல் ஏ. எல். பாஷம் அச்சமயத்தைப் பற்றிப் பெருநூல் எழுதியபோது, தமிழில் அவர் பெரிதும் துணைக்கொண்டவை மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் என்னும் மூன்றுமாம். ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். மூவரும் ஆசீவகரை மறுத்தவரே. அவர் சொல்லைக் காத்து வைத்தவரும் அம்மூவரே.