கொல்லாமை என்னும் விரதம்

நியூஸிலாந்தில் ஆக்லாந்து நகருக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், லீ என்னும் சிற்றூரை அடுத்த கோட் ஐலண்ட் கடற்கரையில், முதுகிலே காற்றடைத்த சிலிண்டரும் இடையிலே ஈயக் கட்டிகளும் சுமந்து, குளிருக்கு அஞ்சித் தடித்த ரப்பர் உடைக்குள் புகுந்து, படகின் உதவியில்லாமல் கரையிலிருந்தே நடந்து நீருக்குள் இறங்குகிறவர்களை, பெரிய ஸ்னாப்பர் மீன்கள் அஞ்சி ஓடாமல் அருகே வந்து பார்க்கின்றன. 1975-ல் அங்கே சுமார் 5 கிலோமீட்டர் கரையையும் அதிலிருந்து 800 மீட்டர் தூரம் வரையுள்ள கடலையும், எவரும் எதையும் பிடிக்கலாகாது என்று சட்டம் காத்தது. அதற்காகப் பல்லாண்டுகள் வாதாடியவர்களில் முதன்மையானவர் பில் பாலன்டைன் என்ற விஞ்ஞானி.

அதற்கு முன், ஸ்னாப்பரையும் சிங்கி இறாலையும் மனிதன் வாரிக்கொண்டு போனபடியால், அவற்றுக்கு இரையாக வேண்டிய கினா என்னும் கடல் முள்ளெலிகள் கேட்பாரற்றுப் பெருகி, கெல்ப் என்னும் பெரும்பாசிக் காட்டை மேய்ந்து தீர்த்து, பாறைகளை மொட்டையாக்கியிருந்தன. காவல் வந்த பிறகு மீன்கள் திரும்பின, கினா குறைந்தது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காடு மீண்டும் தழைத்தது.

அகிம்சையைப் பரம தர்மமாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. மனிதன் கொலையை நிறுத்திய இடத்தில் கொலை நிற்கவில்லை. ஸ்னாப்பர் கினாவின் ஓட்டை உடைத்துத் தின்பதனாலேயே அந்த வனம் வாழ்கிறது. அப்படியானால் அகிம்சை பிரகிருதிக்கு விரோதமானதா?

அல்ல என்பதே என் துணிபு. வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். உலகத்து உயிர்களையெல்லாம் திருத்தப் பிறந்த விதியாக அன்று, நோற்பவன் தன் மேல் தானே விதித்துக்கொள்ளும் விரதமாக வைத்தார். மீனுக்குப் பசி உண்டு, அந்தப் பசிக்கு ஓர் எல்லையும் உண்டு. பசி தீர்ந்த பின்னும் பிடித்து, பனிக்கட்டியில் அடுக்கி, விலைபேசி விற்கிறவன் மனிதன் ஒருவனே. வேண்டாம் என்று சொல்லும் விவேகமும் அவனுக்கே வாய்த்திருக்கிறது. ஆகையால் விரதமும் அவனுக்கே உரியது.

சேர்த்துவைக்கும் ஆசைக்கு அந்த நீருக்கடியில் சிறிதும் இடமில்லை. மூச்சை அடக்காதே என்பதுதான் முக்குளிப்போருக்குச் சொல்லப்படும் முதற்பாடம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிவிடுவதால், அங்கே உள்ளிழுத்த காற்றை வெளிவிடாமல் மேலேறுகிறவனுடைய நுரையீரல், விரியும் காற்றைத் தாங்கமாட்டாமல் கிழிந்துபோகக்கூடும். மூச்சை உள்ளடக்கும் கும்பகத்தை யோகத்தின் அங்கமாகப் போற்றும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அங்கே உயிரைக் காப்பது இடைவிடாமல் விட்டுக்கொண்டிருக்கும் மூச்சுத்தான்.

மூச்சு மட்டுமா? இறங்கியவர் ஒரு சிப்பியைக்கூட எடுத்துவரலாகாது. வெறுங்கையோடுதான் கரையேற வேண்டும்.