பச்சைத் தண்ணீர்

மறைமலை நகரில் பல வீடுகளில் ஒருவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுப்பார். மீன் தொட்டியின் பக்கம் யார் வந்தாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். பசி போலிருக்கிறது என்று ஆளுக்கொரு சிட்டிகை தீனி விழும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. சில வாரங்களில் தண்ணீர் இளம்பச்சையாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய கடல் படம் கூடத் தெரியாமல் போகிறது.

அந்தப் பச்சை முழுக்க உயிர். ஒற்றைச் செல் பாசி, தனித்தனியாக மிதப்பது. பில்டர் ஸ்பாஞ்சின் துளைக்குள் புகுந்து மறுபக்கம் அப்படியே வந்துவிடும் அளவுக்குப் பொடி. (புதுத் தொட்டியில் பால் கலந்தாற்போல் வரும் வெள்ளைக் கலங்கல் வேறு, அது பாக்டீரியா.) மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக மாறித் தண்ணீரில் தங்குகின்றன. ஜன்னல் வெயில் பட்டால் பாசிக்கு வேறொன்றும் தேவையில்லை.

பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ் என்ன செய்யும் என்று பார்க்க, 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி, 226 என்று எண்ணிட்ட சிறு ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சைப் பசேலென்று ஆனது. மறுபாதி பழையபடியே இருந்தது.

நம் வீட்டில் பச்சைத் தண்ணீருக்குச் செய்யும் வைத்தியம்தான் மனதை உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சை நீக்கித் தரும் பாக்டீரியா அந்தக் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கிறது. அது போனபின் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். மீன் செவுள் சிவந்து மூச்சுக்குத் திணறும். செத்தால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்போம்.

செய்ய வேண்டியது குறைவு. தொட்டியைக் கனத்த போர்வையால் மூடி, மூன்று நான்கு நாள் வெளிச்சமே படாமல் வைக்க வேண்டும். வளர்ந்த மீன் அத்தனை நாளும் தீனியில்லாமல் தாங்கும். ஏர் பம்ப் மட்டும் நிற்கவே கூடாது. இருட்டில் பாசியும் ஆக்சிஜனைக் குடிக்கும். செத்து அழுகும்போது இன்னும் கூடுதலாக இழுக்கும். பிறகு கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். யுவி விளக்கும் பாசியைக் கொல்லும். தீனி குறையாவிட்டால் பச்சை திரும்ப வரும்.

வண்ண மீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூர்ப் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் பச்சைத் தண்ணீரை வேண்டுமென்றே பழக்குவதுண்டு. அதைத் தின்று பெருகும் தண்ணீர்ப் பூச்சிதான் குஞ்சு மீனுக்கு இரை.

மறைமலை நகரிலிருந்து தெற்கே ரயிலில் போனால், பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி வரும். அதிலும் செங்கல்பட்டின் கழிவுநீர் இறங்கி, அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்திருக்கின்றன. அதைப் போர்வையால் மூட முடியாது. ஏரியில் படரும் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவதோடு நின்றால் மறுபடி முளைக்கும். கால்வாய் ஏரியில் சேரும் இடத்திலேயே கழிவுநீரைத் தடுத்துச் சுத்திகரித்தாக வேண்டும்.