ஜெபம் கேட்கப்படாதவர்களின் கதை எங்கே?

கிறிஸ்தவப் புனைகதைகளைப் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். நம் சபைப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் தமிழ்க் கதைகளையும் படித்திருக்கிறேன், அமெரிக்காவிலிருந்து வரும் ஆங்கில நாவல்களையும் படித்திருக்கிறேன். விசுவாசியாகவே படிக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை விசுவாச வாழ்க்கையைப் பாதிதான் சொல்கின்றன. சொல்லாமல் விட்ட மறுபாதியில்தான் நம்மில் பலர் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

கதையின் போக்கு நமக்குப் பழக்கமானது. குடிகாரக் கணவன், கடன், பிள்ளையில்லாத குறை, மருத்துவர் கைவிட்ட நோய் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் தொடங்கும். நடுவில் ஒரு பக்கத்து வீட்டு அக்காவோ, ஒரு போதகரோ வந்து ஒரு வசனத்தைச் சொல்வார். கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீர் வரும். கடைசி அத்தியாயத்தில் கணவன் திருந்துவான், கடன் அடையும், குழந்தை பிறக்கும், நோய் நீங்கும். பத்துப் பக்கம் படித்ததுமே முடிவு தெரிந்துவிடும். தெரிவது மட்டுமல்ல, அந்த முடிவு வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொரு வரியிலும் தெரியும். பாத்திரங்கள் அந்த முடிவுக்குச் சேவகம் செய்கிறார்கள். குடிகாரன் ஏன் குடித்தான் என்று கதாசிரியர் ஒரு நிமிஷம்கூட நின்று கேட்பதில்லை. அவன் திருந்துவதற்காகவே குடிக்கவைக்கப்பட்டவன்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நம் சபைகளின் சாட்சி நேரத்திலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆராதனையின் நடுவே மைக்கைக் கொடுப்பார்கள். சுகம் பெற்றவர் எழுந்து வருவார். வேலை கிடைத்தவர் வருவார். மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடித்தவர் வருவார். சபை "ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்லும். அதில் தவறில்லை; நன்றி சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு செய்து, குழந்தையைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டுபோன தாய் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். அவள் கைக்கு மைக் போவதில்லை. அவளும் எழுந்து வருவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் கோயிலுக்கு வருகிறாள். என்னைக் கேட்டால், அந்தச் சபையில் எழுதப்பட வேண்டிய நாவல் அவளுடையது. நம் எழுத்தாளர்கள் மைக் இருக்கும் பக்கமே பார்த்து எழுதுகிறார்கள்.

சாட்சி சொல்கிறவர் முடிவில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறார். நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று அவரால் சொல்ல முடிகிறது. நாவலின் மனிதர்கள் அப்படி நிற்க முடியாது. அவர்களுக்கு நாளை என்ன என்று தெரியாது. ஜெபம் செய்துவிட்டு, பதில் வருமா வராதா என்று தெரியாமல் இரவைக் கழிக்க வேண்டும். அந்த இரவைக் காட்டாத எழுத்து விசுவாசத்தைக் காட்டவே முடியாது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட இடத்தில் விசுவாசத்துக்கு வேலை இல்லை.

இது வெறும் இலக்கியக் குறையாக இருந்தால் நான் இவ்வளவு வருத்தப்படமாட்டேன். இதனால் மனிதர்கள் காயப்படுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் சுகம் கிடைக்கும் கதைகளையே தொடர்ந்து படிக்கிற, சுகம் கிடைக்காத ஒரு வாசகி என்ன முடிவுக்கு வருவாள்? தன் விசுவாசத்தில்தான் குறை இருக்கிறது என்ற முடிவுக்கு வருவாள். நோயோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். ஆறுதல் தருவதற்காக எழுதப்பட்ட புத்தகம், யாருக்கு ஆறுதல் மிகவும் தேவையோ அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. எழுதியவர் இதை நினைத்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விளைவுக்கு அவரும் பொறுப்பு.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய தொழில். 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை 1995இல் தொடங்கி 2007 வரை 16 நாவல்களாக வந்தது. டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் சேர்ந்து எழுதிய இந்த வரிசை 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. முதல் நாவலின் தொடக்கம் யாரையும் பிடித்து உட்காரவைக்கும். நள்ளிரவில் அட்லாண்டிக்கின் மேல் பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் பயணிகள் பலர் திடீரென்று மறைந்துபோகிறார்கள். உடைகள் மட்டும் இருக்கைகளில் கிடக்கின்றன. உலகம் முழுவதும் குழந்தைகள் ஒருவர் விடாமல் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறார்கள். ஓர் இரவில் உலகத்துத் தொட்டில்கள் எல்லாம் காலி. இதற்கு மேல் ஒரு துயரத்தைக் கற்பனை செய்ய முடியுமா? ஆனால் நாவல் அந்தத் தாய்மார்களோடு தங்குவதில்லை. தீர்க்கதரிசனக் கால அட்டவணை காத்திருக்கிறது. அந்திக்கிறிஸ்து வர வேண்டும். உடன்படிக்கை கையெழுத்தாக வேண்டும். கதை அங்கே ஓடிவிடுகிறது. வேதத்தின் கடைசிப் புத்தகத்தை வரிக்கு வரி நிரூபிக்கும் அவசரத்தில், மனிதர்கள் அழுவதற்குக்கூட நேரம் தரப்படவில்லை. தேவன் இரக்கமுள்ளவர் என்று நம்புகிறவர்கள் எழுதிய கதையில் இரக்கத்துக்கு இடம் இல்லாமல் போவது சிறிய பிழை அல்ல.

வில்லியம் பால் யங் எழுதி 2007இல் வெளிவந்த 'தி ஷாக்' இதிலிருந்து வேறுபட்டது. கொலை செய்யப்பட்ட சிறுமியின் தகப்பன் கடவுளையே நேருக்கு நேர் கேட்கிறான். பதிப்பாளர்கள் மறுத்ததால், நண்பர்கள் சேர்ந்து தாங்களாகவே வெளியிட்ட புத்தகம் அது. பின்னர் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அத்தனை பேர் வாங்கியதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது: தங்கள் மனத்தில் கிடந்த கேள்வியை ஒரு கிறிஸ்தவப் புத்தகம் உரக்கக் கேட்டுவிட்டது. கடவுளை ஒரு கறுப்பினப் பெண்ணாகக் காட்டியதற்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. என் குறை அதுவல்ல. அவ்வளவு பெரிய கேள்விக்கு ஒரு வார இறுதியில், நீண்ட உரையாடல்களில், விளக்கம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் கேள்வியைக் கேட்டதற்காக அந்தப் புத்தகத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

கேள்வி கேட்பது விசுவாசத்துக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள், தங்கள் கையில் இருக்கும் வேதாகமத்தைத் திறந்து பார்க்கட்டும். யோபுவின் புத்தகத்தில் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். கடவுளுக்காக வாதாடுகிறார்கள், நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று பக்தியோடு விளக்கம் சொல்கிறார்கள். யோபு அதை ஏற்காமல் கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். கடைசியில் கடவுளின் கோபம் யார்மேல் மூளுகிறது? தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருக்கிறது. 88ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கைச் சொல் வரும். இதில் வராது. கூப்பிட்டேன், பதில் இல்லை என்று தொடங்கியவன் அதே இருளிலேயே முடிக்கிறான். அதையும் சேர்த்துத்தான் நம் முன்னோர் வேதம் என்று நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஒருவர் அப்படி ஒரு கதையை எழுதி நம் சபைப் பதிப்பகத்துக்கு அனுப்பினால், கடைசி அத்தியாயத்தை மாற்றித் தரும்படி கடிதம் வரும்.

கிறிஸ்தவக் கதைகளின் தாய் என்று சொல்லத்தக்க ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' 1678இல் வெளிவந்தது. பிரசங்கம் செய்ததற்காக 12 வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் அவர். அந்தக் கதையில் பிரயாணி வழி தவறி, சந்தேகக் கோட்டையில் ஒரு அரக்கனிடம் மாட்டிக்கொள்கிறான். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை சோறில்லை, தண்ணீரில்லை, வெளிச்சமில்லை. அரக்கன் அடிக்கிறான், செத்துப்போவதே மேல் என்று புத்தி சொல்கிறான், முற்றத்துக்குக் கூட்டிப்போய், முன்னால் வந்து செத்தவர்களின் எலும்புகளைக் காட்டுகிறான். பிரயாணி உண்மையிலேயே தளர்ந்துபோகிறான். பரலோகத்துக்குப் போகும் பாதையின் ஓரத்திலேயே அந்தக் கோட்டையைக் கட்டியவர் ஒரு பியூரிட்டன் பிரசங்கி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. சிறையில் இருந்தவருக்கு இருட்டு எப்படி இருக்கும் என்று தெரியும். திருநெல்வேலிச் சீமையின் ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை இந்தக் கதையைத் தழுவி, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியமாகத் தந்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, முப்பது வயதுக்குப் பிறகு கிறிஸ்தவரானவர் அவர். சொந்தங்களையும் பழைய பக்தியையும் விட்டு வந்தவருக்கு நம்பிக்கை என்ன விலை கேட்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டில் இருட்டையும் மறைக்காமல் காட்டும் இந்த மரபைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பதிப்பகங்களுக்கு வெளியே எழுதியவர்கள். ஜப்பானியக் கத்தோலிக்கரான ஷுசாகு எண்டோவின் 'மௌனம்' நாவல் 1966இல் வந்தது. அதில் கிச்சிஜிரோ என்று ஒருவன். துன்புறுத்தலுக்குப் பயந்து கிறிஸ்துவின் உருவத்தை மிதிப்பான், பிறகு அழுதுகொண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய வருவான், குருவையே காட்டிக்கொடுப்பான், மறுபடியும் வந்து மன்னிப்புக் கேட்பான். குருவுக்கு அவனைப் பார்த்தாலே அருவருப்பு. நமக்கும்தான். ஆனால் நாவல் முன்னே போகப் போக அந்தக் குருவும் மிதிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறார். யார் பலவான், யார் கோழை என்று தீர்ப்புச் சொல்லும் தைரியம் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்டின் 'பாரபாஸ்' 1950இல் வந்தது. அடுத்த வருஷம் அவருக்கு நோபல் பரிசு. க. நா. சுப்ரமண்யம் அதை 'அன்பு வழி' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலை செய்யப்பட்ட கொள்ளைக்காரன் பாரபாஸ், அவரை நம்ப முயன்று முயன்று முடியாமல் அலைகிறான். அவனும் சகாக் என்ற விசுவாசியும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்ட அடிமைகள். அடிமைத் தகட்டின் பின்புறத்தில் இருவருமே கிறிஸ்துவின் பெயரைப் பொறித்துக்கொள்கிறார்கள். ரோம அதிகாரி விசாரிக்கும்போது சகாக் மறுதலிக்க மறுத்துச் சிலுவைக்குப் போகிறான். பாரபாஸ் தனக்குக் கடவுள் இல்லை என்கிறான். நம்ப வேண்டும் என்ற ஆசையால் மட்டும் அந்தப் பெயரைச் சுமப்பதாகச் சொல்கிறான். அதிகாரி கத்தி முனையால் அந்தப் பெயரைக் கீறி அடித்துவிடுகிறான். நூறு சாட்சிக் கதைகள் எனக்குச் சொல்லாததை அந்தக் கீறல் சொன்னது. சகாக்கின் விசுவாசம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள, பாரபாஸின் வெறுமை எனக்குத் தேவைப்பட்டது.

நம் பக்கத்திலேயே ஹெப்சிபா ஜேசுதாசன் இருந்தார். ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த அவர் 1964இல் எழுதிய 'புத்தம் வீடு' தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் லிஸி வயதுக்கு வந்ததும் படிப்பு நிற்கிறது; வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். பனையேறும் குடும்பத்துத் தங்கராஜை அவள் நேசிக்கிறாள். ஒரே ஆலயம், ஒரே ஜெபம், ஆனாலும் தோட்டம் உள்ளவனுக்கும் பனை ஏறுகிறவனுக்கும் நடுவே சுவர் நிற்கிறது. ஹெப்சிபா அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. லிஸியின் பொறுமையைக் காட்டுகிறார். அந்தப் பொறுமையே அவளுடைய விசுவாசம் என்று நமக்குப் புரிகிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலின் ஆரோக்கியம், பாமாவின் 'கருக்கு' ஆகியவற்றையும் இங்கே நினைக்க வேண்டும். கோயிலுக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவை காட்டின. திருச்சபையைச் சங்கடப்படுத்தும் புத்தகங்கள் என்று அவற்றை ஒதுக்கினோம். சங்கடப்பட வேண்டியது நம் கடமை அல்லவா?

இதற்கு ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு எண்டோவையா கொடுப்பது, அவருக்கு ஆறுதல் வேண்டாமா என்பார்கள். வேண்டும். எளிய கதைகளுக்கும் இடம் உண்டு; பாட்டியின் தலையணைக்கு அடியில் இருக்கும் சிறு புத்தகத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சந்தேகத்தில் முடித்தால்தான் இலக்கியம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் முன்பே எழுதிவைத்த ஒரு முடிவுதான். சுகம் கிடைத்த கதையையும் எழுதலாம். ஆனால் அது கிடைக்காமலும் போயிருக்கலாம் என்ற நடுக்கம் அந்தக் கதைக்குள் இருக்க வேண்டும். ஆறுதலுக்கு முன்னால் துக்கத்தோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான்.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, 1715இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு, தேம்பாவணி என்று தமிழுக்குக் கிறிஸ்தவர்கள் கொடுத்தவை சிறியவை அல்ல. 1879இல் தமிழின் முதல் நாவலை அச்சேற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவர்தான். அந்த வரிசையில் வந்தவர்கள் நாம். அதனால் சபைப் பதிப்பகங்களை நடத்துகிறவர்களை ஒன்று கேட்கிறேன்: அடுத்த கையெழுத்துப் பிரதியில் நோயாளி செத்துப்போனால், அதற்காக அதைத் திருப்பி அனுப்பாதீர்கள். புத்தகக் கடையின் காலண்டர்களுக்கும் தின தியானங்களுக்கும் பக்கத்தில் 'புத்தம் வீடு' இரண்டு பிரதி வையுங்கள். எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மைக் பக்கம் பார்க்காதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய் ஏன் இன்னும் கோயிலுக்கு வருகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதை மாற்றாமல் எழுதுங்கள்.