யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்

ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளை, அது அவர் கையில் இருக்கும்போதே மாற்றலாமா? அற நூல்களில் இருக்க வேண்டிய கேள்வி போலத் தெரிகிறது. நான் அதை முதலில் சந்தித்தது விண்டோஸ் காட்டிய ஒரு சின்னப் பெட்டியில். இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், அதனால் இந்த வேலையை முடிக்க முடியாது என்று அது சொன்னது.

சிறிய, நடுத்தர அலுவலகங்களில் இன்றும் ஓர் ஏற்பாடு உண்டு. கணக்கு மென்பொருளையோ சரக்கு இருப்பு மென்பொருளையோ ஒவ்வொரு கணினியிலும் நிறுவ மாட்டார்கள். சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரில் அது இருக்கும். நாற்பது பேர் இருந்தால் நாற்பது மேசையிலும் ஷார்ட்கட் மட்டும்தான். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும் என்பது வசதி. நாற்பதில் ஒருவர் திறந்து வைத்திருந்தாலும் மாற்ற முடியாது என்பது தலைவலி. விண்டோஸ் ஒரு நிரலை முழுவதுமாக ஒரேயடியாக நினைவகத்துக்குக் கொண்டுவருவதில்லை. தேவைப்படும் பகுதியைத் தேவைப்படும்போது கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாதி நாவல் படித்தவரிடம் மீதிப் பக்கங்களை மட்டும் வேறு நாவலாக மாற்றிக் கொடுத்தால் எப்படியிருக்கும்? அதனால்தான் இந்தப் பூட்டு.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், புது வெர்ஷன் போடும் நாளில் சாயங்காலமே அறிவிப்பு போய்விடும்: “எல்லாரும் சாஃப்ட்வேரை மூடிட்டுக் கிளம்புங்க.” ஒவ்வொரு முறையும் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் மட்டும் மூடியிருக்க மாட்டார். சர்வரில் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு. எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார் என்று காட்டும். அந்த வரியின் மேல் ரைட் கிளிக் செய்து ‘குளோஸ்’ கொடுத்தால் தீர்ந்தது. “அடிச்சு விடுங்க, காலைல வந்து மறுபடி ஓப்பன் பண்ணிக்கட்டும்” என்பார் சீனியர். நான் மறுநாள் அந்த அக்காவிடமே போய்க் கேட்டேன்.

“மூடினா பாதி போட்ட பில் போயிடும் தம்பி. அறுபது வரி. மறுபடி முதல்லேர்ந்து அடிக்கணும். பாதியில நிறுத்தி வைக்க இதுல வழி எங்க இருக்கு?”

வழி இல்லைதான். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, கோப்பின் பெயர் இருந்தது. அந்த அறுபது வரி இல்லை.

அதிகாரம் உள்ள இடங்களில் எல்லாம் இந்தப் பட்டியலின் ஒரு வடிவம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யார் தடையாக இருக்கிறார் என்று அது காட்டும். எதன் நடுவில் இருக்கிறார் என்று காட்டாது.

யூனிக்ஸ் இதற்கு வேறொரு பதில் வைத்திருக்கிறது. அங்கே கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. பெயர் என்பது ஐநோடு எனப்படும் ஓர் எண்ணைச் சுட்டும் வரி, அவ்வளவுதான். புதிய கோப்பை வேறு பெயரில் முழுதாக எழுதி வைத்துவிட்டு, ‘ரீநேம்’ மூலம் பழைய பெயரை அதற்குக் கொடுத்துவிடலாம். இனி திறப்பவருக்குப் புதியது கிடைக்கும். ஏற்கெனவே திறந்தவர் கையில் பழையது அப்படியே இருக்கும். பெயரை இழந்த அந்தக் கோப்பை, கடைசி ஆள் விடும்வரை கர்னல் அழிக்காது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாருடைய வேலையும் கெடவில்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது, இவ்வளவு நாகரிகமான ஓர் ஏற்பாட்டை மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

இரண்டு விஷயங்கள் அந்த மயக்கத்தைக் குறைத்தன. ஒன்று, அந்த வாக்குறுதி ஒரு கணினிக்குள் மட்டும்தான் உறுதி. நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் என்.எஃப்.எஸ். நெறிமுறையில், மூன்றாம் பதிப்பு வரை, யார் திறந்திருக்கிறார் என்பதை சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. சர்வரில் பழைய கோப்பு போய்விட்டால், தொலைவில் அதைப் பிடித்திருந்தவருக்கு ‘ஸ்டேல் ஃபைல் ஹாண்டில்’ என்ற பிழைதான் மிச்சம். வாசலைத் தாண்டியவரை வீடு மறந்துவிடுகிறது.

இரண்டாவது, பழையதைப் பிடித்திருப்பவருக்குத் தன்னிடம் இருப்பது பழையது என்று தெரியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரல் போய்விட்டது, ஒன்றுக்கு மட்டும் விட்டுப்போனது. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வர், பல ஆண்டுகளாக யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய பகுதியை ஓட்ட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. அது திறந்திருந்த கோப்பின் கதை அல்ல, நகலெடுக்க மறந்த கதை. ஆனால் பழையதும் புதியதும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வேலையைச் செய்தால் என்ன விலை என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் எல்லோரும் மூடும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாமா? அந்தப் பொறுமைக்கும் யாராவது விலை கொடுக்கிறார்கள். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. ஓட்டை இருந்தது எஸ்.எம்.பி. என்ற பகுதியில். மேலே சொன்ன பொது ஃபோல்டர்கள் விண்டோஸில் இயங்குவதே அதன் வழியாகத்தான். மே 12 அன்று வானாக்ரை அந்த ஓட்டை வழியாகப் பரவியபோது, ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியும் திருத்தம் போடாத கணினிகள் ஏராளமாக இருந்தன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான மருத்துவ முன்பதிவுகள் ரத்தாயின. ‘இப்ப வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று எங்கோ யாரோ தள்ளிப்போட்டதற்கு, சர்வரையே பார்த்திராத நோயாளிகள் கணக்குத் தீர்த்தார்கள்.

ஆக, திறந்து வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் அது முடிவில்லாத உரிமை இல்லை. எல்லையை எங்கே போடுவது?

தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்ஸன் நிறுவனத்தில் உருவான எர்லாங் மொழியில் இதற்கு வெளிப்படையான ஒரு விதி இருக்கிறது. பேச்சை நடுவில் அறுக்காமல் நிரலை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் தேவை. அதனால் ஒரு நிரல் பகுதியின் இரண்டு பதிப்புகள் ஒரே நேரத்தில் இருக்கலாம், நடப்பு ஒன்று, பழையது ஒன்று. பழையதில் ஓடுபவை தம் வேலையைத் தொடரலாம். மூன்றாவது பதிப்பு ஏற்றப்படும்போது, இன்னமும் முதலாவதில் தங்கியிருப்பவை நிறுத்தப்படும். ஒரு தலைமுறைக்குப் பொறுப்போம், இரண்டாவதற்கு இல்லை.

நம் கோவில்களில் இதைவிடப் பழைய ஒரு நடைமுறை இருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கலசத்திலோ மரப்பலகைப் படத்திலோ ஆவாகனம் செய்து தனியாக ஓரிடத்தில் வைப்பார்கள். கருவறையில் வேலை நடக்கும், பூஜை இங்கே தொடரும். கும்பாபிஷேகத்தோடு எல்லாம் திரும்பிவிடும். இதில் எனக்குப் பிடித்தது, கும்பிட வருகிற எல்லோருக்கும் இது பாலாலயம் என்று தெரியும் என்பதுதான். யாரையும் விரட்டவில்லை, யாரிடமும் மறைக்கவில்லை, அதே சமயம் வேலையும் நிற்கவில்லை.

என் பதிலும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திறந்து வைத்திருப்பவருக்குப் பழைய கோப்பை என்றென்றைக்குமாக நாம் கடன்பட்டிருக்கவில்லை. மாறப்போகிறது என்ற சொல், முடிக்க ஓர் அவகாசம், முடியாவிட்டால் பாதி வேலையைப் பத்திரமாக வைக்க ஓர் இடம், இவற்றைக் கடன்பட்டிருக்கிறோம். இவற்றைக் கொடுத்தபின் மூடுவது நியாயம். கொடுக்காமல் மூடுவது, எவ்வளவு நல்ல அப்டேட்டாக இருந்தாலும், பறிப்புதான்.

இப்போது பெரும்பாலான மென்பொருள் பிரவுசருக்குள் வந்துவிட்டது. அங்கே பயனர் எந்தக் கோப்பையும் பூட்டி வைப்பதில்லை. இரவில் ஒரு வடிவம், காலையில் இன்னொன்று. நேற்று இருந்த பொத்தான் இன்று இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பொறியாளனாக எனக்கு இது பெரிய நிம்மதி, ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த எரிச்சலூட்டும் பூட்டு, அலுவலகத்தில் எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் கையில் இருந்த ஒரே மறுப்பு ஓட்டு என்பது இப்போதுதான் புரிகிறது. மூடாமல் வைத்திருந்ததால்தான் ஒருவர் அவர் மேசை வரை வந்து காரணம் கேட்க நேர்ந்தது. பூட்டை எடுத்துவிட்டோம். கேட்பதற்கு வேறு ஏற்பாடு எதையும் இன்னும் வைக்கவில்லை.