புலிநகமும் நமது வியாபாரமும்

 

மலேசிய நாட்டின் அரசுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிமிர்ந்து நிற்கின்றன. காட்டிலோ, 1950ஆம் ஆண்டுகளில் சுமார் 3,000 இருந்ததாகக் கணிக்கப்பட்ட அவ்வினத்தில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதென 2022இல் அறிவிக்கப்பட்டது. காடு குறைந்தது, இரையான மானும் அருகிற்று, மிஞ்சியதைக் கம்பிக் கண்ணி பிடிக்கிறது.

"இதற்குக் கடைக்காரர் நாம் என் செய்வோம்?" எனலாம். கண்ணி வைப்பவன் காட்டிலிருக்கிறான். அவனுக்குக் காசு போவது கடைவீதியிலிருந்தல்லவா! குழந்தைக்குக் காவலென்று புலிநகத்தைப் பொன்னில் கட்டி அணிவிக்கும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. காப்பவன் அல்லாஹுத்தஆலா ஒருவனே என்று ஈமான் கொண்ட நமக்கு இது தகுமா?

கோரைப்பல்லுள்ள வேட்டை மிருகங்களின் இறைச்சியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். அவற்றின் தோலை விரிப்பாக்குவதையும் தடுத்தார்கள். பிராணிகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறை 6:38இன் கருத்து. அருகிவரும் உயிரினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என 2014இல் இந்தோனேசிய உலமா சபை பத்வா வழங்கிற்று.

"செத்த புலியின் பழைய நகந்தானே" என்பார் சிலர். ஒரு சரக்கு விற்றால் அடுத்ததற்கு ஆர்டர் போகும். இதை வியாபாரிக்கு யார் சொல்லித்தர வேண்டும்? 2022இல் திருத்திய சட்டப்படி உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளி, சிறை 15 ஆண்டு வரை. நகம் கேட்டு வருபவரிடம் "இல்லை" என்பதோடு, ஏன் இல்லை என்பதையும் சொல்லியனுப்புங்கள்.