விதியும் நஷ்டஈடும்

மரணம் நிகழ்ந்த வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது பண்பாகாது என்று நம் மக்கள் கருதுகின்றனர். அக்கருத்தில் ஒரு கண்ணியம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கண்ணியமே சில வேளைகளில் அநீதிக்குப் போர்வையாகி விடுகிறது. வேலை செய்யுமிடத்தில் மின்சாரம் தாக்கி மாண்டவரின் வீட்டில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

கோயம்புத்தூர் மின்சாரத்தால் வளர்ந்த ஊர். 1932-ல் பைக்காராவின் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் அவ்வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து வார்ப்படச் சாலைகளும் மோட்டார் பம்புப் பட்டறைகளும் தோன்றின. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. இவற்றுள் பல, நாலைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு கூடங்கள்.

அத்தகைய பட்டறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். காயில் சுற்றி முடித்த மோட்டாரை முப்பது வயது இளைஞர் ஒருவர் ஓட்டிப் பார்க்கிறார். தரையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. எர்த் கம்பி என்றோ அறுந்து போய்விட்டது. மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. என்னும் கருவி அங்கே பொருத்தப்படவில்லை. ஒரு கணத்தில் எல்லாம் முடிந்து விடுகிறது. மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் முதலாளி வருகிறார், கண் கலங்குகிறார், ஐம்பதாயிரம் ரூபாய் அடங்கிய உறையை நீட்டுகிறார். அதனுடன் ஒரு முத்திரைத்தாளும் இருக்கிறது. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதப்பட்டுள்ளது. உள்ளே மனைவி இத்தா இருக்கிறார். அவர் மடியில் இரண்டு வயதுக் குழந்தை.

“கையெழுத்துப் போட்டுவிடு தம்பி. அல்லாஹ்வின் நாட்டம் அப்படி. மையித்தை வைத்துப் பேரம் பேசினார்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்” என்கிறார் குடும்பத்துப் பெரியவர்.

“பேரம் பேசவில்லை, பெரியத்தா. அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதை எழுதிக் கொடுக்க நான் யார்?” என்கிறான் இறந்தவரின் தம்பி.

இவ்விருவருள் நீதியின் பக்கம் நிற்பவர் யார்? பெரியவரை நாம் எளிதாகக் குறை கூறிவிட முடியாது. அவர் பொறுமையை எடுத்துரைக்கிறார். ஆனால் பொறுமை என்பது இறைவனின் தீர்ப்பை ஏற்பது. மனிதன் செலுத்த வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதிலிருந்தே நம் தடுமாற்றம் தொடங்குகிறது.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் பயணமானபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து பாதி வழியில் திரும்பினார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். விதியை நம்பியவர்கள், தம் பொறுப்பைக் கைவிட அந்நம்பிக்கையைக் காரணமாக்கவில்லை. தம் கிடங்குக்குப் பூட்டுப் போடுகையில் விதியை நினைக்காத ஒருவர், அறுந்த எர்த் கம்பியைப் பற்றிக் கேட்டால் மட்டும் விதியை நினைவூட்டுவது என்ன நியாயம்?

உயிருக்கு விலை பேசலாமா என்பது அடுத்த கேள்வி. உயிருக்கு விலையில்லை என்பது உண்மையே. ஆனால் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 92-ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். தவறுதலாக நேர்ந்த கொலைக்கு அது இரண்டு கடமைகளை விதிக்கிறது. ஒன்று, அடிமையை விடுதலை செய்யும் பரிகாரம். அதற்கு இயலாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். மற்றொன்று, இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டிய தியத். இறைவனோடுள்ள கணக்கு வேறு, அந்த வீட்டாரோடுள்ள கணக்கு வேறு. எத்தனை கண்ணீர் வடித்தாலும், எத்தனை யாஸீன் ஓதச் செய்தாலும், முதற்கணக்கைக் காட்டி இரண்டாம் கணக்கை முடித்துவிட முடியாது. மின்விபத்துகளுள் எவை தியத்தின் எல்லைக்குள் வரும் என்பதை ஆலிம்கள் ஆராயட்டும். அந்த வசனம் காட்டும் திசை நமக்குத் தெளிவாகவே தெரிகிறது.

அதே வசனத்தில் மன்னிப்புக்கும் இடமுண்டு. குடும்பத்தார் விரும்பினால் விட்டுக் கொடுக்கலாம். அவ்வாறு விட்டுக் கொடுப்பதை அவ்வசனம் தர்மமாகக் கருதுகிறது. இங்கே சற்று நிதானிப்போம். தர்மம் செய்பவர் யார்? உறையை நீட்டிய முதலாளியல்லர். உரிமையை விட்டுக் கொடுக்கும் அந்த ஏழை வீட்டார்! ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் கையெழுத்திட்டால், முதலாளிக்கு அவர்கள் லட்சக்கணக்கில் தர்மம் செய்கிறார்கள். ஊரோ, முதலாளியின் தாராள மனத்தைப் புகழ்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் இப்படி இடம் மாறித் தோன்றுவதே இந்த அநீதியின் சூட்சுமம்.

தர்மம் செய்யவும் தகுதி வேண்டும். தனக்குள்ள உரிமை இன்னதென்று அறியாதவர் அதை விட்டுக் கொடுத்ததாகக் கூற முடியாது. பருவமடையாத எத்தீமின் பங்கை அதன் காப்பாளர் இனாமாக விட்டுக் கொடுப்பதற்கு ஷரீஅத் இடமளிப்பதில்லை. எத்தீமின் பொருளைப் பற்றி அதே நான்காம் அத்தியாயம் விடுக்கும் எச்சரிக்கையை அறியாதவர் நம்மிடையே இல்லை. எனவே அந்தத் தம்பி கேட்டதே சரியான கேள்வி.

“முதலாளி வேண்டுமென்று செய்யவில்லையே” என்று சிலர் கேட்பர். ஆதாயம் எவருக்கோ, நஷ்டத்தின் பொறுப்பும் அவருக்கே என்பது பிக்ஹு சட்டத்தின் பழைய விதி. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டநூலிலும் அது இடம் பெற்றது. இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் அதே நெறியைக் கொண்டது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்பது போதும். முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்நெறியை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நீதிமன்றங்களும் இவ்வழியே சென்றுள்ளன. சினிமா அரங்கொன்றில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் 1968-ல் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் அது முழு ஊனமே என்றும், விபத்து நேர்ந்த அன்றே நஷ்டஈடு கடனாகி விடுகிறது என்றும் உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்பளித்தது. மின்சாரம் தாக்கிக் கையை இழக்கும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். மத்தியப் பிரதேசத்தில் 1997-ல், வேலை முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்பிய ஒருவர், மழைநீரில் மூழ்கிக் கிடந்த மின்கம்பியால் மாண்டார். யாரோ மின்சாரம் திருடியதே காரணம் என்று மின்வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் அதன் விளைவுக்கும் பொறுப்பாவார் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது.

சிறு பட்டறைக்காரரும் நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர்தாமே, அவரால் இதைத் தாங்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தவறுதலான கொலைக்குரிய தியத்தை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், ‘ஆகிலா’ எனப்படும் அவருடைய சுற்றத்தார் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைப் பிக்ஹு செய்திருந்தது. இன்று அந்தச் சுற்றத்தின் இடத்தில் காப்பீடு இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் 1955-ல் கோவையில்தான் தொடங்கியது. அதில் சேர்ந்த தொழிலாளி வேலையின்போது இறந்தால், சார்ந்தோருக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு மாதந்தோறும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அத்திட்டத்துக்குள் வராத சிறு பட்டறைகளும் தம் தொழிலாளருக்காகக் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசி எடுக்கலாம். அதை எடுக்காமல் பணத்தை மிச்சம் பிடித்தவர், விபத்துக்குப் பின் ஏழ்மையைக் காட்டுவது பொருந்தாது.

அந்த இளைஞருக்குச் சேர வேண்டியது எவ்வளவு? இறப்புக்கு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. 2020-ல் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பான 15,000 ரூபாயைக் கணக்கிட்டால் தொகை 15,59,850 ரூபாய். அந்த உறையில் இருந்ததோ ஐம்பதாயிரம்! இதை முன்னறிந்தே 1923-ஆம் ஆண்டுச் சட்டம், இறப்புக்கான தொகையை அதிகாரியிடமே செலுத்த வேண்டும் என்றும், உரிமையைக் கைவிடும் ஒப்பந்தம் செல்லாது என்றும் விதித்தது. முத்திரைத்தாளில் இட்ட கையெழுத்து எத்தீமின் உரிமையை அழித்துவிடாது.

ஆனால் சான்றின்றி உரிமை நிலைக்காது. மையித்தை விரைந்து அடக்க வேண்டும் என்னும் ஆவலில், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று நம்மவர் மன்றாடுவதுண்டு. மின்சாரம் வெளியே சிறு தழும்பை மட்டும் விட்டு உள்ளே உயிரைப் பறித்துவிடக்கூடும். பின்னர் அது மாரடைப்பு என்று எழுதப்பட்டால் யார் மறுப்பது? நியாயத்தை நிலைநாட்டும் அவசியத்துக்காகப் பிரேதப் பரிசோதனை கூடும் என்று எகிப்தின் முப்தியாயிருந்த ஹஸனைன் மக்லூஃப் போன்ற அறிஞர்கள் தீர்ப்பளித்துள்ளனர். காவல் நிலையப் பதிவு, மின் ஆய்வாளரின் அறிக்கை, ஊதியத்துக்கான சான்று ஆகியவற்றை உறவினர் உடனே தேடி வைக்க வேண்டும். இத்தாவிலிருக்கும் பெண்ணுக்காக வெளியே நடக்கும் கால்கள் அவர்களுடையவை.

பெரியவர் அஞ்சியது ஊரின் பேச்சுக்கு. அந்த அச்சத்தை நீக்குவது ஊரின் கடமை. ஜமாஅத்தார் அந்த வீட்டுக்குச் சென்று, “உங்கள் ஹக்கைக் கேளுங்கள், நாங்கள் உடன் வருகிறோம்” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். உரிமை முழுவதும் கைக்கு வந்தபின் அவ்விதவை தன் பங்கில் எதையேனும் மன்னிக்க விரும்பினால், அதுவே உண்மையான தர்மம். அதுவரை அந்த முத்திரைத்தாள் மடித்தபடியே கிடக்கட்டும்.